கப்ரு யாருக்கு உரியது? அடக்கப்பட்டவரை இடம் மாற்றுவது குறித்த இஸ்லாமியச் சட்டம்

ஒருவர் இறந்ததும் அவருடைய வீடு, நிலம், பணம் எல்லாம் கடன் கொடுத்தவர்களுக்கும் வாரிசுகளுக்கும் உரியவையாகிவிடுகின்றன என்பது இஸ்லாமியச் சட்டத்தின் விதி. ஆனால் அவர் அடக்கப்பட்டிருக்கும் சிறிய அளவு மண் மட்டும், அவருடைய உடல் முற்றிலும் மண்ணோடு மண்ணாகும் வரையில், அவருக்கே உரியதாக இருக்கிறது என்று ஃபிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலின் அறிஞர்கள் கொண்டனர். எனவே, கப்ரு எனப்படும் அடக்கக் குழியைத் திறந்து உள்ளிருப்பவரை வெளியே எடுக்கலாமா, வேறிடத்துக்குக் கொண்டுபோகலாமா என்ற கேள்வி எழும்போது, உயிரோடிருப்பவர்களின் வசதியோ துயரமோ முதலில் கணக்கில் வருவதில்லை; பேசவும் மறுக்கவும் இயலாத ஒருவரின் உரிமையே முதலில் வந்து நிற்கிறது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்ற கருத்தில் நபிகள் நாயகம் கூறியதாக அவருடைய மனைவி ஆயிஷா நாயகி அறிவித்த நபிமொழி இந்த அணுகுமுறைக்கு அடித்தளமாக அமைந்தது.

சட்ட நூல்கள் இந்தப் பொருளை இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றன. மூடப்பட்ட கப்ரைத் தோண்டித் திறப்பது 'நப்ஷ்' என்றும், மையித்தை, அதாவது இறந்தவரின் உடலை, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்வது 'நக்ல்' என்றும் அழைக்கப்படுகின்றன. நக்ல் அடக்கத்துக்கு முன்பும் நடக்கலாம், பின்பும் நடக்கலாம். பின்பு நடக்குமானால் அதில் நப்ஷும் சேர்ந்துவிடுவதால் சட்டம் அங்கே மிகக் கடுமையாகிறது. பொதுமக்களின் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன என்பதால், ஓர் ஊரின் மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவர் கூடும் என்றும் வேறொருவர் கூடாது என்றும் சொல்லும்போது, அவர்கள் இருவரும் ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கிறார்களா என்பதை முதலில் பார்ப்பது நல்லது.

திருக்குர்ஆனில் இதற்கென்று நேரடியான சட்ட வசனம் இல்லை. ஆகவே நபிகளாரின், அவருடைய தோழர்களின் காலத்து நிகழ்ச்சிகளிலிருந்தே அறிஞர்கள் சட்டத்தைப் பெற்றனர். இமாம் புகாரி தமது நபிமொழித் தொகுப்பில் இந்த அறிவிப்புகளைச் சேர்த்துள்ள பாடத்தின் தலைப்பை ஒரு தீர்ப்பாக எழுதாமல், காரணம் ஏதேனும் இருந்தால் மையித்தைக் கப்ரிலிருந்து வெளியே எடுக்கலாமா என்ற கேள்வியாகவே அமைத்திருக்கிறார். பல இடங்களில் தலைப்பிலேயே தம் முடிவைச் சொல்லிவிடும் அவர் இங்கே கேள்வியோடு நிறுத்திக்கொண்டது, இந்த விஷயத்தில் எத்தனை கவனம் தேவை என்பதைக் காட்டுகிறது.

நபிமொழி நூல்களின் அறிவிப்புகளில் ஒரே மனிதரின் உடலைச் சுற்றி மூன்று வெவ்வேறு நிலைகள் அமைந்திருப்பது கருதத்தக்கது. அவர் மதீனாவைச் சேர்ந்த நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் இப்னு ஹராம். 625-இல் நடந்த உஹுத் போரில் ஷஹீதானவர், அதாவது இறைவழியில் உயிர்நீத்தவர். போர் முடிந்ததும் அவருடைய உடலும், அவருடைய உறவினரான அம்ர் இப்னுல் ஜமூஹின் உடலும் ஒட்டகத்தில் ஏற்றப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டன. சொந்த ஊரில், சொந்தக் குடும்பத்தாரின் அடக்கஸ்தலத்தில் அடக்க வேண்டும் என்ற இயல்பான விருப்பமே அதற்குக் காரணம். ஆனால் ஷஹீதானவர்களை அவர்கள் விழுந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோகுமாறு நபிகளாரின் சார்பில் அறிவிப்பு வந்தது. இருவரும் உஹுதுக்கே திரும்பி, ஒரே கப்ரில் சேர்த்து அடக்கப்பட்டனர். போரில் உயிர்நீத்தவரை அவர் விழுந்த இடத்திலிருந்து அகற்றலாகாது என்ற சட்டம் இங்கிருந்து பிறந்தது.

அடக்கப்பட்டவரின் மகன் ஜாபிருக்குத் தம் தந்தை இன்னொருவரோடு ஒரே குழியில் கிடப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. ஆறு மாதங்கள் கழித்து அவர் கப்ரைத் திறந்து தந்தையின் உடலை எடுத்துத் தனியே அடக்கினார். காதருகே இருந்த சிறு மாற்றத்தைத் தவிர, உடல் அடக்கிய நாளில் இருந்தவாறே இருந்தது என்று அவரே அறிவிக்கிறார். பல ஆண்டுகள் கழிந்தபின் வெள்ளம் அந்த அடக்கஸ்தலத்தை அரித்ததால் அவ்விருவருடைய உடல்களும் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன என்றும், உஹுத் போருக்கு 46 ஆண்டுகளுக்குப் பின் அது நடந்தது என்றும் இமாம் மாலிக்கின் முவத்தா கூறுகிறது. கலீஃபா முஆவியாவின் ஆட்சியில் உஹுத் வழியாக வாய்க்கால் வெட்டப்பட்டபோது அங்கே அடங்கியிருந்தோரை அவர்களின் உறவினர்கள் இடம் மாற்றியதாக வேறு அறிவிப்புகள் உள்ளன. இந்த அறிவிப்புகளை எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்வது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர்.

ஆக, ஒரே மனிதரின் வரலாற்றில், ஊருக்குக் கொண்டுபோவது மறுக்கப்பட்டது, மகனின் மன அமைதிக்காகக் கப்ரு திறக்கப்பட்டது, நீரின் அபாயத்தால் உடல் இடம் மாறியது ஆகிய மூன்றும் காணப்படுகின்றன. கடைசியதில் எந்தச் சட்டப் பள்ளிக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் முழுவதும் நடுவில் உள்ளதில்தான். உயிரோடிருப்பவரின் மனம் அமைதியுறவில்லை என்பது கப்ரைத் திறக்கப் போதுமான காரணமா? ஜாபிரின் செயல் நபிகளார் உயிரோடிருந்த காலத்தில் நடந்தது. அதை அவர் கண்டித்ததாக அறிவிப்பு இல்லை. எனினும் அது நபிகளாருக்குத் தெரிந்து நடந்ததா என்பதும், இருவரை ஒரே குழியில் அடக்கியது போர்க்கால நெருக்கடியால் ஏற்பட்ட குறை என்பதால் அதைச் சரிசெய்வது தனிவகையானதா என்பதும் விவாதிக்கப்பட்டன.

இன்னும் சில நிகழ்ச்சிகளும் சான்றுகளாக எடுத்தாளப்படுகின்றன. மதீனாவின் நயவஞ்சகர் தலைவனாகக் கருதப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உபை குழியில் வைக்கப்பட்ட பின்னர் அங்கு வந்த நபிகளார், அவரை வெளியே எடுக்கச் செய்து, தம் சட்டையை அவருக்கு அணிவித்தார்கள். மதீனாப் பள்ளிவாசலுக்கென்று பெறப்பட்ட நிலத்தில் இருந்த இணைவைப்பாளர்களின் பழைய கப்ருகள் தோண்டி அகற்றப்பட்டன. நபித்தோழர்களான ஸஅத் இப்னு அபீவக்காஸும் ஸயீத் இப்னு ஸைதும் அல்அகீக் என்ற இடத்தில் இறந்து, மதீனாவுக்குச் சுமந்து வரப்பட்டு அடக்கப்பட்டனர். ஆயிஷா நாயகியின் சகோதரர் அப்துர் ரஹ்மான் மக்காவுக்கு அருகிலுள்ள ஹுப்ஷியில் இறந்து மக்காவில் அடக்கப்பட்டபோது, தாம் அங்கு இருந்திருந்தால் இறந்த இடத்திலேயே அடக்கச் செய்திருப்பேன் என்ற பொருளில் ஆயிஷா நாயகி வருந்தியதாக இமாம் திர்மிதி பதிவுசெய்துள்ளார். அந்த இடமாற்றத்தை விரும்பாத ஆயிஷா நாயகி, அதைச் சரிசெய்யக் கப்ரைத் திறக்கவும் சொல்லவில்லை என்பது, அவருடைய வருத்தத்தைவிடக் கூடுதலாகச் சட்டத்தைக் கற்பிக்கிறது.

தமிழகக் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில் சட்டம் தெளிவானது. மத்ஹப் என்பது ஓர் இமாமின் சட்ட முறையைப் பின்பற்றும் பள்ளி. இந்தப் பள்ளியின் பெரும் ஆசிரியரான இமாம் நவவி (இறப்பு 1277) தமது மின்ஹாஜ் என்ற நூலில் அடக்கத்துக்கு முன்பே மையித்தை வேறு ஊருக்குக் கொண்டுபோவது ஹராம், அதாவது முற்றிலும் தடைசெய்யப்பட்டது என்கிறார். மக்கா, மதீனா, ஜெருசலேம் ஆகியவற்றுக்கு அருகில் இறந்தவருக்கு மட்டும் விலக்கு அளிக்கிறார். அடக்கிய பின் கப்ரைத் திறப்பது, இடமாற்றத்துக்காக இருந்தாலும் வேறெதற்காக இருந்தாலும், கட்டாயத் தேவை இன்றிக் கூடாது. அந்தத் தேவை எது என்பதையும் அவர் வரையறுக்கிறார்: குளிப்பாட்டாமல் அடக்கியிருப்பது, பிறரிடமிருந்து பறித்த நிலத்திலோ பறித்த துணியிலோ அடக்கியிருப்பது, குழிக்குள் மதிப்புள்ள பொருள் விழுந்திருப்பது, முகத்தைக் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்கி வைக்காமல் அடக்கியிருப்பது. குளிப்பாட்டல், கிப்லா ஆகிய இரண்டிலும் உடல் சிதைவதற்கு முன் மட்டுமே திறக்கலாம். கஃபன் துணி இல்லாமல் அடக்கிவிட்டார்கள் என்பது மட்டும் காரணமாகாது. மண்ணே அவரை மறைத்துவிட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உடலை மூடுவதற்காகத்தான் கஃபன் என்றால், அந்த நோக்கம் நிறைவேறிய பின் அவரைத் தொந்தரவு செய்வது அவருக்கே எதிரானது.

ஹனஃபி மத்ஹப் இன்னும் இறுக்கமானது. மண் தள்ளி மூடிய பின் குளிப்பாட்டாதது, கிப்லா தவறியது ஆகிய காரணங்களுக்காகவும் அது கப்ரைத் திறக்க விடுவதில்லை; இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடக்கவில்லை என்றால் கப்ரின் அருகில் நின்று தொழுதால் போதும் என்கிறது. இறைவனுக்குரிய கடமையில் நேர்ந்த குறையை அவன் மன்னிக்கக்கூடியவன், மனிதனுக்குரிய உரிமையில் நேர்ந்த குறையை அந்த மனிதனே விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற பாகுபாட்டின்மீது இந்தச் சட்டம் நிற்கிறது. ஆகவேதான் பறிக்கப்பட்ட நிலத்தில் அடக்கம் நடந்திருந்தால் மட்டும் நிலத்துக்காரருக்கு இரண்டு வழிகள் திறக்கப்படுகின்றன: அவர் மையித்தை வெளியே எடுக்கச் சொல்லலாம், அல்லது உடலை அப்படியே விட்டுக் கப்ரைத் தரையோடு சமமாக்கி நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இதே மத்ஹபின் பெரிய அறிஞர் இப்னுல் ஹுமாம் (இறப்பு 1457) எடுத்துக்காட்டும் ஒரு வழக்கு நெஞ்சை உருக்கக்கூடியது. தாய் அருகில் இல்லாதபோது வெளியூரில் மகன் இறந்து அங்கேயே அடக்கப்பட்டான். பொறுக்க முடியாத தாய் அவனைத் தன் ஊருக்குக் கொண்டுவர விரும்பினாள். அதற்கு அனுமதி இல்லை என்பதில் மத்ஹபின் ஆசிரியர்கள் ஒருமித்திருந்தனர் என்று அவர் எழுதுகிறார். தாயின் துயரத்தை அவர்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தத் துயரம் எத்தனை பெரியதாயினும் அது இறந்த மகனின் உரிமையை மாற்றாது என்றே கண்டனர்.

மாலிகி மத்ஹபோ வேறு திசையில் செல்கிறது. எடுத்துச் செல்லும்போது உடல் சிதையக்கூடாது, கண்ணியம் குலையக்கூடாது, நன்மை ஏதேனும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு, அடக்கத்துக்கு முன்பும் பின்பும் மாற்றுவதை அது ஏற்கிறது. கடல் அரித்துவிடும் என்ற அச்சம், புனிதமான இடத்தின் அருள், குடும்பத்தாரோடு சேர்த்து அடக்குதல், உறவினர் எளிதில் வந்து கப்ரைக் காணுதல் ஆகியவை அந்த நன்மைகளில் அடங்கும் என்று மாலிகி நூல்கள் கூறுகின்றன. ஹன்பலி மத்ஹபும் நல்ல நோக்கம் இருந்தால் இடம் தருகிறது; ஷஹீதை மட்டும் அவர் விழுந்த இடத்திலேயே விட வேண்டும் என்கிறது. இப்னுல் ஹுமாமின் நூலில் இடம்பெறும் அந்தத் தாய் வட ஆப்பிரிக்காவில் ஒரு மாலிகி நீதிபதியிடம் சென்றிருந்தால், நிபந்தனைகள் நிறைவேறும் வரையில், அவளுக்கு வேறு விடை கிடைத்திருக்கக்கூடும். இவற்றில் ஒன்று இரக்கமானது, மற்றது கடுமையானது என்று பார்ப்பது மேலோட்டமான வாசிப்பாகும். இறந்தவரும் குடும்பத்தின் ஓர் உறுப்பினரே, தன்னைத் தேடி வருவோரின் துஆ எனப்படும் பிரார்த்தனையில் அவருக்கும் பங்கு உண்டு என்று மாலிகிகள் கருதினர். அவரைத் தனியே விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று ஹனஃபிகள் கருதினர். இரு தரப்பும் காக்க முயன்றது ஒருவரையேதான்.

இந்த உரிமை என்றென்றைக்கும் நீடிப்பதன்று. உடல் முழுவதும் மண்ணான பின் அந்த இடத்தில் வேறொருவரை அடக்கலாம் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகின்றனர். சொந்த நிலமாக இருந்தால் அங்கே பயிரிடவும் கட்டடம் எழுப்பவும்கூடக் கூடும் என்று ஹனஃபி அறிஞர் ஸைலயீ எழுதினார். பொது அடக்கஸ்தலமான மையவாடியாக வக்ஃபு செய்யப்பட்ட, அதாவது இறைவழியில் நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு இது பொருந்தாது. வக்ஃபின் நோக்கம் மாறக்கூடாது. உடல் எத்தனை ஆண்டுகளில் மண்ணாகும் என்பதற்குச் சட்ட நூல்கள் ஒரே எண்ணைத் தருவதில்லை. ஈரமண்ணும் உவர்மண்ணும் மணற்பாங்கும் வெவ்வேறு விதமாக வேலை செய்வதால், அந்தந்த ஊரின் மண்ணை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே அவை கூறுகின்றன. தோண்டத் தொடங்கியதும் எலும்பு தென்பட்டால் நிறுத்தி மூடிவிட வேண்டும். தோண்டி முடித்தபின் தென்பட்டால் அவற்றைக் குழியின் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, புதிதாக வருபவரை அருகில் அடக்கலாம் என்பது ஷாஃபி விதி. தலைமுறை தலைமுறையாகக் குழி தோண்டிப் பழகியவரின் கை அறிவை நூலறிஞர்கள் சட்டத்தின் ஓர் அங்கமாகவே ஏற்றுக்கொண்டது பாராட்டுக்குரியது.

அரச குடும்பங்கள் இந்தச் சட்டத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. 1530-இல் ஆக்ராவில் இறந்து அங்கேயே அடக்கப்பட்ட பாபரின் உடல் பின்னர் காபூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மும்தாஜ் மஹல் 1631 ஜூனில் புர்ஹான்பூரில் இறந்து, தபதி ஆற்றங்கரைத் தோட்டத்தில் அடக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் ஆக்ராவுக்கு எடுத்துச் செல்லப்பட்டார். தாஜ்மஹாலில் அடங்குவதற்கு முன் ஆக்ராவிலும் அவருக்குத் தற்காலிக அடக்கம் நடந்தது. 1782 டிசம்பரில் சித்தூருக்கு அருகில் பாசறையில் இறந்த ஹைதர் அலியின் உடல் கோலாரில் வைக்கப்பட்டு, பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடக்கப்பட்டது. பிற்பாடு எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு மண்ணிடம் ஒப்படைப்பதை 'அமானத்' அடக்கம் என்று வட இந்தியாவில் அழைத்தனர். அடக்கும்போதே அவ்வாறு எண்ணிக்கொண்டால் பின்னர் திறப்பது ஆகுமானதாகிவிடும் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்று சட்டக் கருத்து வழங்கும் ஹனஃபி முஃப்திகள் தொடர்ந்து கூறிவந்துள்ளனர். ரங்கூனில் 1862-இல் இறந்த கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபர், மெஹ்ரவுலியில் தமக்கென்று தேர்ந்தெடுத்திருந்த இடத்துக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. ஆங்கிலேயர் அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்ட அவருடைய கப்ரு 1991-இல் வடிகாலுக்காகத் தோண்டியபோது கண்டுபிடிக்கப்பட்டது. அவரைத் தில்லிக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. உணர்வளவில் அது நியாயமானதாகத் தோன்றினாலும், அவர் பின்பற்றிய ஹனஃபி சட்டம் அதற்கு எதிராகவே நிற்கிறது.

ஷியா முஸ்லிம்களிடையே நிலைமை வேறு. இமாம் அலீ அவர்கள் அடங்கியுள்ள நஜஃபிலும் இமாம் ஹுஸைன் அவர்கள் அடங்கியுள்ள கர்பலாவிலும் அடக்கப்படுவது பெரும் பேறாகக் கருதப்பட்டதால், ஈரானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஏராளமான உடல்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் அச்சத்தால் உஸ்மானிய அரசு இதற்குக் கட்டுப்பாடுகளை விதித்தது. ஷியா அறிஞர்களுக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. ஹிபத்துத்தீன் அஷ்ஷஹ்ரஸ்தானீ 1911 வாக்கில், நாற்றமெடுத்த உடல்களை நெடுந்தொலைவு சுமந்துவருவது இறந்தவரை இழிவுபடுத்துவதாகும் என்று வாதிட்டுக் கடும் சர்ச்சையைக் கிளப்பினார்.

நீர் வந்து சேரும்போது சட்டம் தயங்குவதில்லை என்று மேலே கூறப்பட்டது. அணைகளின் நூற்றாண்டில் அந்த விதிக்குப் புதிய வேலை வந்தது. உஸ்மானிய அரசை நிறுவிய உஸ்மானின் பாட்டனார் என்று மரபு கூறும் சுலைமான் ஷாவின் சமாதி, சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் ஜஅபர் கோட்டைக்கு அருகில் இருந்தது. தப்கா அணையின் நீர் அதை மூழ்கடிக்கவிருந்ததால் 1973-இல் வடக்கே மாற்றப்பட்டது. 2015 பிப்ரவரியில் துருக்கியப் படை சிரியாவுக்குள் நுழைந்து எச்சங்களை மீண்டும் எடுத்துத் துருக்கி எல்லையை ஒட்டிய வேறிடத்துக்குக் கொண்டுசென்றது. இம்முறை காரணம் நீரன்று, போர். இலிசு அணைக்காகத் துருக்கியின் ஹசன்கெய்ஃப் நகரம் மூழ்கவிருந்தபோது, பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 1,100 டன் எடையுள்ள ஸைனல் பேயின் சமாதிக் கட்டடம் 2017-இல் முழுதாகப் பெயர்த்து நகர்த்தப்பட்டது. வெள்ளம் தானாக வந்து அரித்த உஹுதுக்கும், மனிதர் கட்டிய அணைக்கும் வேறுபாடு உண்டு. பொதுநன்மைக்கு வேறு வழியே இல்லையா என்று கேட்கும் கடமை அணை கட்டுவோருக்கு உண்டு என்பதும், அந்தக் கேள்வி கேட்கப்படாமலே பல மையவாடிகள் நீரில் மூழ்குகின்றன என்பதும் மறைக்க வேண்டியவை அல்ல.

குற்ற விசாரணைக்காகக் கப்ரைத் திறப்பது பழைய நூல்களில் இன்றைய வடிவில் இல்லை. ஆனால் அநியாயமாகக் கொல்லப்பட்டவருக்கு நீதி கிடைப்பது அவருடைய உரிமையே என்ற அடிப்படையில் ஃபத்வா எனும் சட்டத் தீர்ப்பு வழங்கும் இக்கால அமைப்புகள் பல இதை அனுமதிக்கின்றன. சவூதியின் மூத்த அறிஞர் அவை 1976-இல் குற்றப் புலனாய்வுக்கான உடற்கூறாய்வை ஆகுமானதாக்கியது. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத்தின் கப்ரு நஞ்சு ஐயத்தின்பேரில் 2012 நவம்பர் 27-இல் ரமல்லாவில் திறக்கப்பட்டு, மாதிரிகள் எடுக்கப்பட்டு, அன்றே மூடப்பட்டது. ஜெருசலேமில் அடங்க விரும்பிய அவரை, ஒருநாள் அங்கே கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தோடு 2004-இல் கற்பெட்டியில் வைத்து அடக்கியிருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் இறப்பின் காரணத்தை அறிய, அடக்கப்பட்ட உடலை எடுத்துப் பரிசோதிக்க விசாரணை நடத்தும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவில் இருந்த இது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவில் உள்ளது. வாரணாசியின் தோஷிபுராவில் ஷியாக்களின் வழிபாட்டு நிலத்தில் இருந்த இரண்டு சுன்னி கப்ருகளை இடம் மாற்ற வேண்டுமா என்ற வழக்கில், 1983-இல் உச்ச நீதிமன்றம் மாற்ற உத்தரவிட்டது; அடங்கியவரைத் தொந்தரவு செய்யலாகாது என்ற சமய விதி முழுமுற்றானது அன்று என்று 1984-இல் கூறியது. அதற்கு நீதிமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்த 176-ஆம் பிரிவையே எடுத்துக்காட்டாகச் சொன்னது.

2021 நவம்பரில் ஸ்ரீநகரின் ஹைதர்போராவில் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டோரை, உறவினரிடம் ஒப்படைக்காமல் வெகுதொலைவில் ஹந்த்வாரா பகுதியில் அதிகாரிகள் அடக்கினர். பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் இருவருடைய உடல்கள் சில நாட்களில் தோண்டி எடுக்கப்பட்டுக் குடும்பங்களிடம் கொடுக்கப்பட்டன. மூன்றாமவரின் தந்தை நீதிமன்றம் சென்றார். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உடலை எடுக்க உத்தரவிட்டும், 2022 செப்டம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சமய முறைப்படியே அடக்கம் நடந்ததாகக் கருதியது. உடல் சிதைந்திருக்கும் என்றது. குடும்பத்தார் கப்ரடியில் பிரார்த்தனை செய்துகொள்ளவும் இழப்பீடு பெறவும் இருந்த உத்தரவை நிலைநிறுத்தியது. முறையாக அடக்கப்பட்டவரை எடுக்கக்கூடாது, சிதைந்த பின் திறக்கக்கூடாது என்ற வாதங்கள் ஷாஃபி நூலின் வரிசைக்கு மிக அருகில் வருகின்றன. ஆயினும் ஃபிக்ஹ் நூல்கள் எழுதப்பட்டபோது, மையித்தைக் குளிப்பாட்டித் தொழவைத்து அடக்கும் உரிமை முதலில் நெருங்கிய உறவினருக்கே உரியது என்பது கேள்விக்கு இடமின்றி ஏற்கப்பட்டிருந்தது. அந்த உரிமையை அரசே பறித்த பின், அடக்கம் முறையாக நடந்துவிட்டது என்று சொல்வதில் பறித்த நிலத்தில் அடக்கியது போன்றதொரு குறை தொக்கி நிற்கிறது. முஃப்திகள் இதைத் தனியே ஆராய்வது அவசியம்.

இலங்கையில் நடந்ததும் இதனோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கத்தையும் ஏற்றிருந்தும், 2021 பிப்ரவரி வரை முஸ்லிம்களின் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அனுமதி வந்தபின்னும் சொந்த ஊர் மையவாடியில் அடக்க விடாமல், மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியின் மஜ்மா நகரில் மட்டும் அடக்க ஏற்பாடாயிற்று. 2021 மார்ச் முதல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டு 3,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியுள்ளனர். அவர்களைத் தங்கள் ஊருக்கு மாற்ற விரும்பும் குடும்பத்துக்கு ஷாஃபி சட்டத்தில் எளிதான வாசல் இல்லை. முறைப்படி அடக்கப்பட்டவர் அங்கேயே இருக்க வேண்டியவர். இராக்கிலோ, நஜஃபுக்கு வெளியே தனி மையவாடியில் அடக்கப்பட்ட கொரோனா மையித்துகளைத் தங்கள் குடும்ப அடக்கஸ்தலங்களுக்கு எடுத்துச் செல்ல 2020 செப்டம்பரில் அனுமதி கிடைத்ததும், குடும்பத்தார் தாங்களே தோண்டத் தொடங்கிவிட்டனர்.

நிலத் தட்டுப்பாடு நீரையும் குற்றத்தையும்விட மெல்ல நெருக்கும் காரணம். சிங்கப்பூர் 1998-இல் அடக்க காலத்தை 15 ஆண்டுகளாக வரையறுத்தது. அதன்பின் கப்ரு திறக்கப்பட்டு, சமயப்படி அடக்கம் தேவைப்படுவோரின் எச்சங்கள் சிறிய இடத்தில் மீண்டும் அடக்கப்படுகின்றன. பிடாடாரி மையவாடியில் இருந்த ஏறத்தாழ 68,000 முஸ்லிம் கப்ருகள் 2001 முதல் 2006 வரை எடுக்கப்பட்டன. முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகளாக உள்ள நாட்டில், கட்டாயத் தேவை என்ற அந்த ஒற்றை விலக்கின்மீதே சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு தன் அனுமதியை நிறுத்தியது. பதினைந்து ஆண்டுகளில் எல்லா மண்ணிலும் உடல் கரைந்துவிடுவதில்லை என்பதால், இங்கே மண்ணறிந்தவரின் சொல்லுக்குப் பதிலாக நாட்காட்டி தீர்ப்புச் சொல்கிறது. தீவின் மொத்தப் பரப்பே 730 சதுர கிலோமீட்டரை ஒட்டியது என்னும்போது அதைக் குறை கூறுவதும் எளிதன்று.

இந்தச் சட்டம் முழுவதும் ஒருசேரச் சோதிக்கப்பட்ட இடம் போஸ்னியா. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டுப் பெருங்குழிகளில் தள்ளப்பட்டனர். குற்றத்தை மறைப்பதற்காகக் கொலைகாரர்களே சில வாரங்களில் அந்தக் குழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு குழிகளுக்கு மாற்றினர். ஒரே மனிதரின் எலும்புகள் பல இடங்களில் சிதறின. மீண்டும் தோண்டி மரபணுச் சோதனையால் பெயர் கண்டுபிடிப்பதைப் போஸ்னியாவின் இஸ்லாமியச் சமூக அமைப்பு எதிர்க்கவில்லை. குளிப்பும் கஃபனும் தொழுகையும் பெயரும் மறுக்கப்பட்டவர்களுக்கு அவற்றைக் கொடுப்பதற்காகத் தோண்டுவதைக் கட்டாயத் தேவை என்ற விலக்கின்கீழ் கொள்ள இடம் உண்டு. 2003 மார்ச் 31-இல் பொட்டோசாரி நினைவிடத்தில் முதலில் 600 பேர் அடக்கப்பட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் ஜூலை 11-இல் அடக்கம் தொடர்ந்து, எண்ணிக்கை 6,000-ஐக் கடந்தது.

ஓர் உறுப்பு மட்டும் கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கும் பழைய சான்று உண்டு. 656-இல் பஸ்ராவுக்கு அருகில் நடந்த ஜமல் போருக்குப் பின், ஒரு பறவை மக்காவில் போட்ட கையை, விரலில் இருந்த மோதிரத்தால் அப்துர் ரஹ்மான் இப்னு அத்தாபின் கை என்று அடையாளம் கண்டு, மக்கள் அதற்கு ஜனாஸாத் தொழுதனர் என்ற செய்தியை ஷாஃபி நூல்கள் ஆதாரமாகக் கொள்கின்றன. பொட்டோசாரியில் மோதிரத்தின் இடத்தை மரபணு பிடித்துள்ளது. ஒருவர் அடக்கப்பட்ட பின் அவருடைய வேறு எலும்புகள் புதிய குழி ஒன்றில் கிடைத்தால், குடும்பத்தின் இசைவோடு கப்ரு திறக்கப்பட்டு அவை சேர்க்கப்படுகின்றன. சில குடும்பங்கள் ஓரிரு எலும்புகளோடு அடக்கத்தை முடித்துக்கொள்கின்றன. சில, உடலின் பெரும்பகுதி கிடைக்கும்வரை அடக்காமல் காத்திருக்கின்றன. ஒருமுறை மூடிய கப்ரை மீண்டும் திறக்க விரும்பாதோரும் உண்டு. அவர்களின் முடிவு எதுவாயினும் அதற்கு ஃபிக்ஹில் இடம் இருக்கிறது.